சாமான்களின் கதை

வீட்டுச் சாமான்களைக் குறைத்துக்கொள்வது எப்படி என்று கற்றுத்தருகிற புத்தகங்கள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றில் மிகவும் பிரசித்தி பெற்றது ஜப்பானியப் பெண்மணி மேரி கோண்டோ எழுதியது. 2014-ல் ஆங்கிலத்தில் வெளிவந்து உலகமெங்கும் விற்றது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துப் பார். மனசில் மகிழ்ச்சி துளிர்த்தால் வைத்துக்கொள். இல்லாவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடு. இதுதான் அவர் உபதேசத்தின் சாரம். நல்ல உபதேசம்தான். வேண்டாதது போய்விட்டால் வேண்டியது தானே தெரியும் என்கிறார் அவர். அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

இந்தச் சந்தேகத்தை 1965-லேயே ஒரு நாவலாக எழுதிவிட்டார் பிரெஞ்சு ஆசிரியர் ஜார்ஜ் பெரெக். 'பொருள்கள்' என்பது நாவலின் பெயர். அது அவருடைய முதல் புத்தகம். ரெனோதோ பரிசும் பெற்றது. முதல் அத்தியாயத்தில் மனிதர்களே இல்லை. ஒரு வீடு மட்டும் இருக்கிறது. கம்பளம், புத்தக அலமாரி, சோபா, விளக்கு என்று கண் மெதுவாக நகர்கிறது. எல்லாம் 'இருந்தால்' என்கிற கனவில்தான். கனவு காண்கிறவர்கள் ஜெரோம், சில்வி என்ற இளந்தம்பதிகள். குடியிருப்பதோ பாரிஸில் 35 சதுர மீட்டர் வீடு. தொழில், ஜனங்கள் எந்தப் பொருளை ஏன் வாங்குகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவது. பிறருடைய ஆசைகளை விசாரிக்கிற இவர்களே ஆசையில் அகப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆசிரியர் இதைச் சிரிக்காமல் சொல்கிறார்.

நாவலின் உயிர் பிற்பகுதியில் இருக்கிறது. இருவரும் பாரிஸை விட்டு டுனீஷியாவிலுள்ள ஸ்ஃபாக்ஸ் என்ற ஊருக்குப் போகிறார்கள். சில்விக்கு அங்கே ஆசிரியை வேலை. வீடு பெரியது, உள்ளே ஒன்றும் இல்லை. கடைத்தெருவில் நடக்கிறார்கள்; எதையும் வாங்கத் தோன்றவில்லை. மேரி கோண்டோவின் கணக்குப்படி இவர்கள் கரையேறிவிட்டவர்கள். ஆனால் அந்த வீட்டில் நிம்மதி இல்லை. ஆசை போனபோது அதோடு அவர்களும் போய்விட்டார்கள். ஆசைப்படுவதைத் தவிர வேறெதையும் தங்களுக்குள் அவர்கள் வளர்த்துக்கொள்ளவில்லை. பெரெக் தம் மனைவியுடன் 1960-61-ல் அதே ஊரில் வசித்தவர். அந்த வெறுமையை அவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

இந்த நாவலில் குறையே இல்லையா? இருக்கிறது. பாத்திரங்கள் வாய் திறந்து பேசுவதே அபூர்வம். 'அவர்கள்', 'அவர்கள்' என்றே கதை போகிறது. ஜெரோமையும் சில்வியையும் தனித்தனியாக நம்மால் நினைவு வைத்துக்கொள்ள முடிவதில்லை. கதைச்சுவை தேடுகிற வாசகருக்கு இது அலுப்பைத் தரலாம். ஆனால் நாற்காலிக்கு இருக்கிற உருவம்கூட மனிதருக்கு இல்லாமல் போன கதையை வேறு எப்படித்தான் எழுதுவது?

முடிவில் இருவரும் போர்தோ நகரத்தில் நல்ல சம்பளத்தில் விளம்பரக் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். இனி கனவு கண்ட சாமான்கள் வரும். ஆனால் போகிற வழியில், ரயிலில் பரிமாறப்படும் சாப்பாட்டில் ருசி இருக்காது என்று சொல்லி ஆசிரியர் கதையை முடித்துவிடுகிறார். தண்டனை ஒன்றும் இல்லை. ருசி மட்டும் இல்லை.

மேரி கோண்டோ 2019-ல் இணையத்தில் கடை திறந்து வீட்டுச் சாமான்களை விற்கத் தொடங்கினார். கேலிக்காக இதைச் சொல்லவில்லை. ஒழித்த இடம் அடுத்த பொருளைக் கூப்பிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. பரணை ஒழிப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஒழித்த பரணுக்குக் கீழே எதையும் வாங்க நினைக்காமல் ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருக்க முடிகிறதா? அந்தக் கேள்வியைக் கேட்பது நாவல்தான். உபதேசப் புத்தகம் அல்ல.