உள்ளே போன தெருவாசல்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் ஒரு தொழிலாளர் லைன் வீட்டுக்குள் நுழைந்தால் என் கண் முதலில் தேடுவது பழைய வாசற்படியை. கிரில் கேட்டைத் திறந்து, டைல்ஸ் போட்ட முன்னறையைத் தாண்டினால், நடுவீட்டுக்குப் போகும் இடத்தில் அது கிடக்கும். ஒரு காலத்தில் அதுதான் தெருவாசல். வீடு அதைக் கடந்து முன்னே நடந்துவிட்டதால் இப்போது டி.வி.க்கும் பீரோவுக்கும் நடுவில், நடு தேய்ந்து, உள்வாசலாகிவிட்டது.

கோலார் தங்கவயலில் பழைய வீடு பார்க்கவேண்டும் என்று வருகிறவர்கள் பங்களாவைத்தான் கேட்கிறார்கள். 1880 முதல் சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி காலத்து அதிகாரிகளின் வீடுகள்: குளிர்காய அடுப்பு, புகைபோக்கி, சரிந்த கூரை, சுற்றிலும் தோட்டம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பழைய வீட்டோடு புதுக்கட்டடத்தைச் சேர்க்கும் கலையைப் பார்க்க அங்கே போய்ப் பிரயோஜனமில்லை. அந்த வீடுகளில் இருப்பவருக்கு இடம் போதாமல் போனதே கிடையாது. கால் நீட்ட இடமில்லாதவன் கட்டிய இடத்தில்தான் அந்தக் கலை இருக்கிறது.

வட ஆர்க்காட்டுப் பக்கமிருந்தும் சேலத்துப் பக்கமிருந்தும் வந்த தமிழ்த் தொழிலாளிகள் முதலில் மூங்கில் தட்டிக் குடிசையில் இருந்தார்கள். பிறகு வரிசையாகச் சுவர் வைத்த லைன்கள் வந்தன. ஒரு அறை, அடுப்புக்கு ஒரு மூலை, பக்கத்துச் சுவர் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சுவர். கம்பெனி கணக்கில் அது ஷிப்டு முடிந்து வந்து படுக்க ஓர் இடம். அந்த அறையில்தான் பிள்ளைகள் பிறந்தார்கள், படித்தார்கள், புது மருமகள் வந்தாள். ஒரு புடவையைக் குறுக்கே கட்டித் தொங்கவிட்டதுதான் இந்த ஊரின் முதல் தடுப்புச்சுவர். அதற்கப்புறம்தான் 'முன்னால கொஞ்சம் இழுத்துக் கட்டிக்கலாம்' என்ற பேச்சு.

இழுத்துக் கட்டுவது என்ற சொல்லே எனக்குப் பிடிக்கும். புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டுவதாக அதில் அர்த்தமில்லை. இருக்கிற வீட்டையே பிடித்து, துணியை இழுப்பதுபோல் கொஞ்சம் நீட்டுவது.

நல்ல இழுப்பா, கெட்ட இழுப்பா என்பதை நான் மழைநாளில்தான் தீர்மானிப்பேன். பழைய கூரை தெருப்பக்கம் சரிந்திருக்கும். அதற்கு முன்னால் இன்னொரு அறை வந்தால் பழைய கூரைத் தண்ணீர் எங்கே போகும்? அவசரக்காரர் புதுக் கூரையைப் பழையதற்கு எதிராகச் சரித்துவிடுவார். இரண்டும் சேரும் பள்ளத்தில் இலைகுப்பை அடைத்து, முதல் மழைக்கே நடுவீட்டில் குண்டான் வைக்கவேண்டி வரும். விஷயம் தெரிந்த மேஸ்திரி பழைய வாட்டத்தை அப்படியே தொடர்வார். தொடர்ந்தால் முன்னறையில் தலை இடிக்கும் என்றால், தரையை ஒரு படி இறக்குவார். அந்த ஒரு படி இறக்கத்தில் ஒரு ருசி இருக்கிறது. தெருவிலிருந்து வருகிறவர் முன்னறையில் உட்கார்ந்து, வீட்டைக் கொஞ்சம் அண்ணாந்து பார்ப்பார். நடுவீடு மேலே இருக்கும். சொல்லிக் கொடுத்து வருவதில்லை இது.

அடுத்தது வெளிச்சம். பழைய வீட்டுக்கு இருந்த ஒரே ஜன்னல் தெருவைப் பார்த்தது. முன்னறை வந்ததும் அந்த ஜன்னலுக்கு வெளிச்சம் செத்துப்போகும். பகலிலும் பல்பு எரியும் நடுவீடுகள் லைனில் நிறைய. இதற்கு மிக எளிய வைத்தியம் ஓடுகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி ஓடு. பதினோரு மணிக்குத் தரையில் ஒரு சதுர வெயில் விழும். மதியத்துக்குள் அது அரிசி மூட்டை வரை நகர்ந்துவிடும். இன்னும் நுணுக்கமானவர்கள் புதுக் கூரையைப் பழையதற்குக் கீழே ஒரு முழம் இறக்கி, அந்த இடைவெளியில் ஜல்லடை வைப்பார்கள். காற்றும் வரும், வெளிச்சமும் வரும், எலி வராது.

மூன்றாவதாக, சேர்ப்பு. கீழே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமாக ஆழம் போன சுரங்கம். பாறை வெடித்தால் மேலே பாத்திரம் உருளும். பாறையைப் படிக்கும் தேசிய நிறுவனம் ஒன்று 1988-ல் இந்த ஊரிலேயே தொடங்கப்பட்டதற்குக் காரணமில்லாமல் இல்லை. இப்படிப்பட்ட மண்ணில் பழைய சுவரோடு புதுச் சுவரைப் பல்பிடித்துக் கட்டினால், இரண்டின் கடைக்காலும் வேறு வேறு மாதிரி இறங்கும்போது விரிசல் கோணலாக ஓடும். விரல் அளவு இடைவெளி விட்டுக் கட்டினால் விரிசல் அந்த இடைவெளியோடு நின்றுவிடும். அந்தக் கோட்டைப் பூசி மறைக்காமல் விட்டிருந்தால் மேஸ்திரியைக் கும்பிடத் தோன்றும். பழமையைப் பாதுகாப்பவர்கள் 1964-ல் வெனிஸில் கூடி எழுதிய சாசனமும் புதிதாகச் சேர்ப்பது தன் காலத்து முத்திரையோடு தெரியவேண்டும் என்கிறது. இங்கே அதைச் செய்தது ஹாலோ பிளாக்.

உலகம் கொண்டாடும் வீடுகளுக்கும் இதற்கும் சொந்தம் உண்டு. கொழும்பில் ஜெஃப்ரி பாவா 1958-ல் ஒரு சந்தில் வரிசை வீடுகளில் ஒன்றை எடுத்து, அடுத்த பத்தாண்டில் பக்கத்து வீடுகளையும் சேர்த்து ஒன்றாக்கினார். நடுவே குட்டி முற்றங்களைத் திறந்துவிட்டார். லைன் வீட்டுக்காரர் அதைப் பார்த்தால், 'நம்ம வீடுதான், காசு இருந்திருக்கு' என்பார். சிலி நாட்டு அலெஹாந்த்ரோ அரவேனா இகிகே ஊரில் ஏழைகளுக்குப் பாதி வீடு மட்டும் கட்டி, மீதியை அவர்களே கட்டிக்கொள்ள இடம் விட்டார். 2016-ல் அவருக்கு பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. அவர் யோசித்து விட்ட பாதியை இங்கே கம்பெனி கஞ்சத்தனத்தால் விட்டது. பரிசைப் பற்றி லைனில் யாரும் கேட்கவில்லை.

2001-ல் சுரங்கம் மூடிய பிறகு வேலை பெங்களூருக்குப் போய்விட்டது. விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலில் சாம்பியன் ஸ்டேஷனில் ஏறுகிறவர்கள் இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள். அந்தச் சம்பளம்தான் இன்று தகரத்தைக் கான்கிரீட்டாக மாற்றுகிறது. இங்கேதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். ஒற்றைக் கல் கனத்துச் சுவரின் மேல் மாடி ஏற்றுகிறார்கள். மூன்று தலைமுறைச் சுவரை உடைத்து, ஒரே ஹாலாக்கி, பி.ஓ.பி. கூரை போடுகிறார்கள். பெரிதாக இருக்கிறது. எந்த ஊரில் இருக்கிறோம் என்று மட்டும் தெரியவில்லை.

அப்படி ஒரு வீட்டில் வேலை நடந்தபோது நானும் நின்றிருந்தேன். "நடுச்சுவர எடுத்துட்டா வீடு பெருசாயிடும் ஆயா" என்றார் மேஸ்திரி. ஆயா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "சுவர எடுத்துக்க. படிய மட்டும் தொடாத" என்றார். மேஸ்திரி தலையைச் சொறிந்தார். ஹாலுக்கு நடுவில் ஒரு படி, எல்லாரும் தடுக்கி விழுவார்களே என்றார். "நான் அம்பது வருஷமா தாண்டுறேன். அவங்களும் தாண்டட்டும்."

படி இருக்கிறது. புது கேட்டுக்கு முன்னால் ஸ்டிக்கர் கோலம். வெள்ளிக்கிழமை மஞ்சளும் குங்குமமும் மட்டும் உள்ளே, அந்தப் பழைய படிக்குத்தான்.