கடைக்கு ஒரு கோபுரம்

கோவிலை இடித்தால் ஊர் திரண்டு வரும். அரண்மனையை இடித்தால் பத்திரிகையில் தலையங்கம் வரும். பழைய கடை ஒன்றை இடித்தால் என்ன வரும்? லாரி வரும், மண்ணை வாரிக்கொண்டு போய்விடும். வியாபாரத்துக்காகக் கட்டிய கட்டடத்துக்கு என்ன மகிமை என்பதே நம்மில் பலருடைய அபிப்பிராயம்.

இந்த அபிப்பிராயம் சரிதானா என்று நான் யோசிக்கும்படி செய்தது, சென்னை அண்ணா சாலையும் ஜெனரல் பாட்டர்ஸ் சாலையும் கூடும் முனையில் உள்ள பாரத் இன்ஷ்யூரன்ஸ் கட்டடம். அண்ணா சாலை மவுண்ட் ரோடாக இருந்த காலத்தில், 1897-ல், ஸ்மித் கம்பெனி என்ற மருந்து வியாபாரிகளுக்காக அது கட்டப்பட்டது. கட்டட அமைப்பு ஸ்டீஃபன்ஸ் என்பவருடையது. அப்போது அதன் பெயர் கார்டைல் பில்டிங். 1934-ல் பாரத் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி வாங்கியது. 1956-ல் ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் தேசியமயமானபோது, கம்பெனியோடு கட்டடமும் எல்.ஐ.சி.க்குப் போய்ச் சேர்ந்தது.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். சுத்தமான பாணி என்று எதையும் அதில் தேடக் கூடாது. குவிமாடம், மினார், வளைவுகள் எல்லாம் ஒரு பக்கம். நடுவில் சீமை மருந்துக் கடை. நவாபின் தலைப்பாகையை மருந்துக் கடைக்காரர் இரவல் வாங்கிக் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். இருமல் மருந்து விற்பதற்கு மினார் எதற்கு என்று கேட்டால், பதில் ஒன்றுதான்: ஜம்பத்துக்கு.

ஆனால் அந்த ஜம்பத்தினால் லாபம் அடைந்தது யார்? உள்ளே கல்லாவில் உட்கார்ந்திருந்தவருக்கு மினார் கண்ணில் பட்டே இருக்காது. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தவனுக்குத்தான் அது தெரிந்தது. முதலாளிக்கு அதிக உபயோகமில்லாத பாகம் எதுவோ, அது தெருவுக்குக் கிடைத்த தானம்.

நான் சிறுவனாக இருந்தபோது அப்பாவுடன் பஸ்ஸில் அந்த வழியே போவேன். "அந்தச் சிவப்புக் கட்டடம் வந்தால் எழுந்து நில். நாம் இறங்கவேண்டிய இடம் கிட்டத்தில்தான்" என்பார். அவர் அதன் வாசற்படியை மிதித்தவர் அல்ல. ஆனாலும் அவருடைய மவுண்ட் ரோடு அந்தக் கட்டடத்தைச் சுற்றித்தான் இருந்தது. இப்படி எத்தனை ஆயிரம் பேரோ!

2006-ல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். பழஞ்சின்னங்களின் பாதுகாப்பில் அக்கறை கொண்ட இன்டாக் என்ற அமைப்பு நீதிமன்றத்துக்குப் போயிற்று. சென்னை உயர் நீதிமன்றம் முதலில் தடை விதித்தது. 2010-ல் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பும் சொன்னது.

அப்போது என் சிநேகிதர் ஒருவர் கோபத்துடன் வந்தார். "ஸார், நீங்கள் கதை எழுதுகிறவர், செங்கல்லுக்குக் கூடக் கண்ணீர் விடுவீர்கள். வெள்ளைக்காரன் கட்டியது, தலையில் விழும் போலிருக்கிறது, மனையின் மதிப்போ கோடிக்கணக்கில். வேறென்ன வேண்டும் இடிப்பதற்கு?" என்றார்.

மூன்றும் அலட்சியம் செய்யத் தக்கவை அல்ல. வெள்ளைக்காரர் பணம் போட்டார், உண்மை. செங்கல் சுமந்தவரும் சாரத்தில் ஏறியவரும் இந்த ஊர்க்காரர்கள். தவிர, பிற்பாடு அது நாட்டின் பொதுச் சொத்தும் ஆகிவிட்டது. ஆபத்து என்கிறார்கள். மராமத்து பாராமல் விட்டால் எந்த வீடுதான் ஆபத்தாகாது? இடிக்கலாம் என்று எழுதிக் கொடுக்கிறவர், எத்தனை மழைக்காலம் ஒழுக்கை அடைக்காமல் விட்டார்கள் என்பதையும் எழுதட்டும்.

மூன்றாவது நியாயம்தான் பலமானது. மனைக்கு விலை உண்டு. ஞாபகத்துக்கு வாடகை கிடையாது. ஆனால் அதே சாலையில் கடிகாரம் விற்ற பி. ஆர் அண்ட் சன்ஸ் கட்டடம் 1879-ல் எழுந்தது. ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையின் கட்டடம் 1904-ல். இரண்டிலும் நூறு வருஷத்துக்கு மேல் வியாபாரம் நடந்திருக்கிறது. பழைய சுவர் வருமானத்துக்கு விரோதி அல்ல. பூட்டிய கதவுதான் விரோதி.

என் பேரிலும் குற்றம் உண்டு. என் கதைகளில் மவுண்ட் ரோடு பல தடவை வருகிறது. கோவில் கோபுரத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கிய நான், இந்தக் கட்டடத்தைத் தாண்டும்போது "ஒரு பெரிய கட்டடம்" என்று எழுதிவிட்டு நடையைக் கட்டியிருக்கிறேன். நாம் பெயர் சொல்லி அழைக்காத கட்டடத்துக்காக நாளைக்கு யார் வந்து வாதாடுவார்கள்?

நீதிமன்றத்தால் கடப்பாரையைத் தடுக்க முடிந்தது. கூரையின் ஓட்டையை அடைப்பது அதன் வேலை அல்ல. தீர்ப்புக்குப் பிறகும் பல வருஷங்கள் அந்தக் கட்டடம் செடி முளைத்துப் பாழாகத்தான் கிடந்தது. இடிக்காமல் விடுவது வேறு, காப்பாற்றுவது வேறு. அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடும்படி நான் கேட்கவில்லை. கூரையைச் செப்பனிட்டு, கீழே நாலு கடைகளுக்கு வாடகைக்கு விட்டால் போதும். கடையாகப் பிறந்தது, கடையாகவே பிழைத்துப் போகட்டும். பஸ்ஸில் போகிற பையனுக்கு அண்ணாந்து பார்க்க ஒரு மினாராவது மிஞ்சும்.