ஒண்ணும் இல்லேம்மா!

பல் டாக்டரிடம் போனால் முதலில் ஒரு தாள் தருவார்கள். பெயர், வயது, செல் நம்பருக்குக் கீழே பொடி எழுத்து ஆங்கிலத்தில் 'டயபடிக்? ஹைப்பர்டென்ஷன்? கார்டியாக்?' என்று இருக்கும். பக்கத்தில் 'எஸ்', 'நோ' கட்டங்கள். சினிமாவுக்கும் புத்தகத்துக்கும்தான் விமர்சனம் எழுத வேண்டுமா என்ன? இந்த வாரம் இந்தத் தாள்.

போன மாதம் சித்தப்பாவுக்குக் கடைவாய்ப் பல் ஆடியது. கூடப் போனேன். ரிசப்ஷன் பெண் தாளைத் தானே வாங்கி வைத்துக்கொண்டு, ''சுகர், பிரஷர், ஹார்ட் பிராப்ளம் ஏதாவது இருக்கா சார்?'' என்றார். ''ஒண்ணும் இல்லேம்மா!'' மளமளவென்று எல்லாக் கட்டத்திலும் 'நோ'.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனிதர் பல வருஷமாக சுகர் மாத்திரை சாப்பிடுகிறார். பிரஷருக்கு ஆம்லோடிபின். ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ஆஸ்பிரின். ''ஏன் சித்தப்பா இப்படிச் சொல்றீங்க?'' என்றால், ''அதான் மாத்திரையில கன்ட்ரோல் ஆயிடுச்சே, இல்லேன்னுதானே அர்த்தம்?'' என்கிறார்.

அவர் பொய் சொல்லவில்லை. கேள்வியில்தான் கோளாறு. 'என்ன நோய்?' என்பதற்குப் பதில் 'என்ன மாத்திரை, என்ன ஊசி? சீட்டைக் காட்டுங்க' என்று தமிழில் கேட்டிருந்தால் மொத்தக் கதையும் வந்திருக்கும்.

இது வெறும் சம்பிரதாயத் தாள் இல்லை. சுகர் எகிறிக் கிடந்தால் புண் ஆறாது. ஆம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். எலும்புத் தேய்மானத்துக்கு வருஷம் ஒருமுறை ஊசி போட்டுக்கொள்ளும் பாட்டிகளுக்கு, பல் பிடுங்கின இடத்தில் தாடை எலும்பே ஆறாமல் போவதுண்டு. அபூர்வம்தான். ஆனால், 2003-லேயே டாக்டர்கள் எச்சரித்தது.

ஆஸ்பிரின் விஷயம் இன்னும் விபரீதம். 'பல் எடுக்கணுமே, ரத்தம் நிக்காதே' என்று சிலர் தாங்களாகவே நாலு நாள் நிறுத்திவிட்டு வருகிறார்கள். இதய டாக்டரைக் கேட்காமல் செய்யவே கூடாது. ஈறில் ரத்தம் வந்தால் பஞ்சு வைத்து அழுத்தலாம், தையல் போடலாம். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் எங்கே போய் அழுத்துவது?

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியாவில் சுகர் உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். பெரியவர்களில் 35.5 சதவிகிதம் பேருக்கு ரத்தக்கொதிப்பு. அப்புறமும் 'நோ'தான் வழக்கமான பதில், 'எஸ்' ஏதோ அபூர்வம் என்கிற தோரணையில் தாள் அடித்து வைத்தால் எப்படி?

நல்லவேளை, நாற்காலியில் சாய்ந்தவரின் சட்டைப் பையில் மாத்திரை அட்டை நீட்டிக்கொண்டிருந்ததை டாக்டர் பார்த்துவிட்டார். விரலில் குத்தி சுகர் பார்த்தால் 286. ஊசியை வைத்துவிட்டு, ''சுகர் இறங்கட்டும், உங்க ஹார்ட் டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க'' என்று அனுப்பினார்.

போன வாரம் பல்லை எடுத்தாயிற்று. சௌக்கியம். ஃபைலை எட்டிப் பார்த்தேன். அந்தத் தாளில் இன்னும் எல்லாக் கட்டத்திலும் 'நோ'.