சீட்டில் உட்காராத சாம்பியன்

சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்து வளர்ந்தவர்களின் கண்ணே தனி. தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று மாட்டுக்குத் தக்க பந்தயம். எந்த வண்டி ஜெயித்தது என்பது ஊருக்கே தெரிந்த சேதி. கிளம்புகிற இடத்தில் யார் முந்தினார், திரும்புகிற இடத்தில் எந்தச் சாரதி உள்பக்கமாக வண்டியை நுழைத்தார் என்பதுதான் மறுநாள் டீக்கடைப் பேச்சு. இப்படிப் பழகிய கண்ணுக்கு பிஎம்எக்ஸ் சைக்கிள் பந்தயம் சட்டென்று பிடிபட்டுவிடும். அதில் பார்க்க வேண்டிய ஆள் கொலம்பியாவின் மரியானா பஹோன்.

முதலில் அந்த சைக்கிள். சக்கரம் 20 அங்குலம்தான். ஒரே கியர், பின்சக்கரத்துக்கு மட்டும் பிரேக், ஷாக் அப்சார்பர் கிடையாது. சீட் ஒன்று இருக்கிறது. பந்தயத்தில் அதில் யாரும் உட்காருவதில்லை. 1970களின் தொடக்கத்தில் தெற்கு கலிபோர்னியாவில் பெரியவர்கள் மண்மேட்டில் மோட்டார் பைக் ஓட்டுவதைப் பார்த்து, பைக் ஓட்டும் வயது வராத பையன்கள் தங்கள் குட்டி சைக்கிளை எடுத்துக்கொண்டு மண்ணில் இறங்கியதில் பிறந்த விளையாட்டு இது. நம் பக்கத்துப் பிள்ளைகள் கனவு கண்ட பிஎஸ்ஏ சாம்ப், அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸின் தயாரிப்பு, அளவில் இதற்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒலிம்பிக்கில் பிஎம்எக்ஸ் நுழைந்தது 2008 பெய்ஜிங்கில். அப்போது பஹோனுக்கு வயது 16.

அவர் பிறந்தது 1991 அக்டோபர் 10. ஊர் மெடலின், ஆண்டிஸ் மலைகளுக்கு நடுவில், சுமார் 1500 மீட்டர் உயரப் பள்ளத்தாக்கில் கிடக்கும் பெருநகரம். சின்னமனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப்போனால் வரும் மேகமலையும் ஏறக்குறைய அதே உயரம்தான். அப்பா கார் பந்தயக்காரர், அம்மா குதிரையேற்றம் பழகியவர். அண்ணன் மிகேலைப் பார்த்துத்தான் சைக்கிளைத் தொட்டார். அந்த வயதில் பெண் பிள்ளைகள் போட்டிக்கு அதிகம் வராததால் பையன்களோடுதான் மோத வேண்டியிருந்தது. ஒன்பது வயதில் தன் வயதுப் பிரிவின் உலகப் பட்டம் வீட்டுக்கு வந்துவிட்டது.

ரசிகன் கண்ணைக் குவிக்க வேண்டிய இடம் கேட். எட்டு மீட்டர் உயர மேடையின் உச்சியில் எட்டுப் பேர் வரிசையாக நிற்கிறார்கள். நிற்கிறார்கள் என்பதுகூடச் சரியில்லை. முன்சக்கரம் கேட்டை முட்டியிருக்க, இரண்டு காலும் பெடலில், தரையில் ஒரு விரல்கூடப் படாமல் சைக்கிள்மேல் அசையாது எழுந்து நிற்பது அது. பதிவு செய்த குரல் ஒலிக்கிறது. அதற்குப் பிறகு பீப் சத்தமும் விளக்கும் வரும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நொடியில் பத்தில் ஒரு பங்கிலும் வரலாம், இரண்டரை நொடி கடந்தும் வரலாம். மனக்கணக்குப் போட்டுக் கிளம்பினால் முகம் கேட்டில்தான் மோதும். கேட் விழத் தொடங்கும் கணத்தில் உடம்பைச் சற்றே பின்னுக்கு இழுத்து, இடுப்பை ஹேண்டில்பார் நோக்கி வீசி, முதல் பெடலை முழு எடையோடு மிதிக்க வேண்டும். சரிவின் அடியைத் தொடும்போது வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரை எட்டும்.

பஹோன் நெட்டையான ஆள் அல்ல. ஆனால் அந்த இடுப்பு வீச்சில் ஒரு துளி பதற்றம் கிடையாது. முதல் மேடு வருவதற்குள் அவருடைய முன்சக்கரம் மற்றவர்களைத் தாண்டியிருக்கும். மொத்தப் பந்தயமும் 35, 45 நொடிக்குள் முடிந்துவிடுகிற விளையாட்டில், முதல் வளைவுக்குள் முன்னால் நுழைகிறவரைப் பின்னாலிருந்து பிடிப்பது லேசான காரியமில்லை.

அடுத்த அழகு மேடுகளில். புதிதாகப் பார்க்கிறவர்கள் சைக்கிள் எவ்வளவு உயரம் பறக்கிறது என்று வாய் பிளப்பார்கள். விஷயம் தெரிந்தவர்களுக்கு அது பிடிக்காது. காற்றில் இருக்கும் நேரத்தில் மிதித்துப் பயனில்லை, வேகம் கூடாது. சக்கரம் மேடேறும்போது கையும் முழங்காலும் மடங்கி அதை வாங்கிக்கொள்ள வேண்டும். இறங்கும்போது நீண்டு அழுத்த வேண்டும். ஒரு மிதிகூட இல்லாமல் மேட்டிலிருந்தே வேகத்தைக் கறந்துவிடலாம். பஹோனின் ஓட்டத்தில் தலை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் போகும். கீழே சைக்கிள் மட்டும் ஏறி இறங்கும். தாவிப் பறக்கிற வீரர்களுக்குத்தான் கைதட்டல் அதிகம். அது ரசனைக் குறைவு என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

பதக்கக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2012 லண்டனில் கொலம்பியக் கொடியை ஏந்தி வந்தவரே தங்கத்தோடு திரும்பினார். 2000-ல் பளுதூக்கும் வீராங்கனை மரியா இசபெல் உருத்தியா வென்றதற்குப் பிறகு அந்நாட்டுக்குக் கிடைத்த இரண்டாவது ஒலிம்பிக் தங்கம் அது. 2016 உலகப் போட்டி மெடலினிலேயே நடந்தது, அதுவும் அவர் பெயர் தாங்கிய தடத்தில். பட்டம் வேறு யாருக்குப் போகும்? அதே ஆண்டு ரியோவில் இரண்டாவது தங்கம். கொலம்பியர் எவரும் அதற்கு முன் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியதில்லை.

2018-ல் நெதர்லாந்தின் பாபெண்டால் தடத்தில் விழுந்து முழங்கால் தசைநார் கிழிந்தது. கேட்டில் காலை உதைத்துக் கிளம்புவதையே பலமாகக் கொண்டவருக்கு முழங்கால் போனால் என்ன மிஞ்சும் என்று பலரும் நினைத்திருப்பார்கள். அவர் திரும்பி வந்தார். 2024 பாரிஸில் இறுதிச் சுற்றுக்கு வர முடியவில்லை. அங்கே தங்கம் ஆஸ்திரேலியாவின் சயா சகாகிபாராவுக்கு.

பஹோனின் பந்தயங்களில் ஒன்றை மட்டும்தான் பார்க்க நேரம் என்றால் தங்கம் வென்ற இரண்டையும் விட்டுவிட்டு டோக்கியோவைப் பார்க்கலாம். 2021 ஜூலை 30. பிரிட்டனின் பெத்தனி ஷ்ரீவர் முன்னால் போய்விட்டார். வழக்கமாக மற்றவர்களுக்கு முதுகைக் காட்டுகிற பஹோன் அன்று துரத்துகிற இடத்தில் இருந்தார். கடைசி நேர்ப்பாதையில் மேட்டுக்கு மேடு இடைவெளி கரைகிறது. ஷ்ரீவர் 44.358 நொடி, பஹோன் 44.448. கோட்டைத் தாண்டியதும் ஷ்ரீவரால் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. சற்று முன்புதான் ஆண்கள் பிரிவில் வெள்ளி வாங்கியிருந்த அவருடைய அணித்தோழர் கை வைட் ஓடிவந்து அவரைக் கைகளில் தூக்கிக்கொண்டார். பின்னால் வந்தவர் என்ன பாடு படுத்தியிருப்பார் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?