ஃபெயின்மன் சொன்ன கதைகள்

பௌதிகம் தெரியாதவர்களும் ஆசையோடு படிக்கிற பௌதிக விஞ்ஞானி ரிச்சர்டு ஃபெயின்மன். ஒளிக்கும் எலெக்ட்ரானுக்கும் உள்ள உறவைக் கணக்கில் வடித்ததற்காக 1965-ல் ஷ்விங்கர், டோமோனாகா இருவரோடும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அந்தக் கணக்கு நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாது. எட்டுவது அவர் சொன்ன கதைகள். அவற்றைக் கதைகளாகவே பாவித்து, கதை எழுதுகிறவன் என்கிற முறையில் சில வார்த்தைகள் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

இரண்டு புஸ்தகங்கள். இரண்டும், தம்மோடு சேர்ந்து மேளம் தட்டிய நண்பர் ரால்ஃப் லெய்ட்டனிடம் அவர் வாய்மொழியாகச் சொன்னவை. முதலாவது 1985-ல் வந்தது. பிரின்ஸ்டனில் சேர்ந்த புதிதில், டீயில் பாலேடா எலுமிச்சையா என்று கேட்ட அம்மாளிடம் இரண்டும் வேண்டும் என்றாராம். வேடிக்கை பண்ணுகிறீர்கள் என்று அந்த அம்மாள் சொன்னதுதான் புஸ்தகத்தின் தலைப்பு. லாஸ் அலமாஸில் அணுகுண்டு ரகசியங்கள் இருந்த பெட்டிகளைத் திறந்து காட்டியது, பிரேஸிலில் வாத்திய கோஷ்டியோடு வாசித்தது என்று ஒவ்வொன்றும் ருசியாக இருக்கிறது. பேசுகிற குரல் அப்படியே காதில் விழுகிறது.

ஆனால் பாதிப் புஸ்தகம் தாண்டியதும் ஒரு விஷயம் உறுத்துகிறது. அநேகமாக எல்லாக் கதையிலும் ஃபெயின்மனே ஜெயிக்கிறார். எதிரில் இருப்பவர் அசடு வழிகிறார். மதுக்கடைப் பெண்களிடம் மரியாதையைக் கைவிட்டால் காரியம் நடக்கும் என்று கற்றுக்கொண்டதைக்கூட அதே உற்சாகத்தோடு சொல்கிறார். அந்த அத்தியாயம் கசக்கிறது. தம்மைப் பற்றிய கதைகளை உண்டாக்குவதற்கே ஃபெயின்மன் நிரம்பப் பாடுபட்டார் என்று, அவர் காலமான பிறகு, சக விஞ்ஞானி மர்ரே கெல்-மான் எழுதினார். இதை வெறும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. நல்ல இலக்கிய விமர்சனமும்கூட. தோற்கவே தோற்காத பாத்திரம் வாசகன் மனசில் வெகுநாள் தங்குவதில்லை.

1988 பிப்ரவரியில் ஃபெயின்மன் இறந்தார். அந்த வருஷமே இரண்டாவது புஸ்தகம் வெளிவந்தது. மற்றவர்கள் என்ன நினைத்தால் உனக்கென்ன என்பது அதன் தலைப்பு. முதல் புஸ்தகத்தைப் படித்தவர்கள் இதை ஃபெயின்மனின் சவடால் என்றே எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் அது ஆர்லீனுடைய வார்த்தை. அன்பு வாசகம் பொறித்த பென்சில்களை அவள் பிரின்ஸ்டனுக்கு அனுப்பினாள். பேராசிரியர் கண்ணில் பட்டால் என்ன ஆவது என்று பயந்து, அவர் ஒன்றிலிருந்து எழுத்தைப் பிளேடால் சுரண்டினார். அப்படிச் செய்வார் என்று முன்கூட்டியே ஊகித்து அவள் எழுதிய கடிதத்தில்தான் அந்தக் கேள்வி இருந்தது.

அவளுக்கு க்ஷயரோகம் என்று தெரிந்தே 1942-ல் கல்யாணம் செய்துகொண்டார். 1945 ஜூன் 16-ல் அல்புகர்க்கியில் அவள் இறந்தாள். சரியாக ஒரு மாதத்தில் நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு வெடித்தது. அவள் இறந்த நேரத்தோடு அறையிலிருந்த கடிகாரம் நின்றுபோயிற்று. வேறு எழுத்தாளன் கையில் அந்தக் கடிகாரம் என்ன பாடு பட்டிருக்கும்! ஃபெயின்மனோ, அது பல தடவை தாம் ரிப்பேர் செய்த பலவீனமான கடிகாரம், மங்கிய வெளிச்சத்தில் மணி பார்க்க நர்ஸ் அதைக் கையில் எடுத்திருப்பாள், அதில் நின்றிருக்கும் என்று சொல்லிவிட்டு மேலே போகிறார். அன்று அவருக்கு அழுகை வரவில்லை. சில வாரம் கழித்து ஓக் ரிட்ஜில், கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கிய கவுன்களைப் பார்த்து, ஆர்லீனுக்குப் பிடிக்குமே என்று நினைத்த மாத்திரத்தில் அழுதார். இந்த இடத்தில் அவர் யாரையும் ஜெயிக்கவில்லை. நாவலாசிரியர்கள் பொறாமைப்பட வேண்டிய இடம் இது.

அதே புஸ்தகத்தின் பிற்பகுதி, 1986 ஜனவரியில் ஏழு பேரோடு வெடித்துச் சிதறிய சாலஞ்சர் விண்கலத்தைப் பற்றியது. விசாரணைக் கமிஷன் அங்கத்தினராக இருந்த ஃபெயின்மன், எல்லோர் முன்னிலையிலும் ரப்பரை ஐஸ் தண்ணீரில் அமுக்கி எடுத்து, குளிரில் அது மீளும் சக்தியை இழப்பதைக் காட்டினார். அதிகாரிகள் என்ன நினைப்பார்கள் என்று அவர் பார்க்கவில்லை. பென்சிலைச் சுரண்டிய பையனுக்கும் இந்தக் கிழவருக்கும் நடுவில் ஆர்லீன் நிற்கிறாள்.

ஃபெயின்மனின் ரசிகர்களில் பலர் முதல் புஸ்தகத்தோடு நின்றுவிடுகிறார்கள். அந்தத் துணிச்சலைப் பிறவிக் குணம் என்று எண்ணி மயங்குகிறார்கள். ஒருத்தியிடம் பட்ட கடன் அது என்பதை இரண்டாவது புஸ்தகம்தான் சொல்கிறது.