காதுக்கு எட்டாத அலை

விநாடிக்கு 20 அதிர்வுகளுக்குக் கீழே போனால் மனிதக் காது அதைச் சுரமாகக் கேட்பதில்லை. சிந்தசைசரில் உள்ள எல்.எஃப்.ஓ. என்னும் தாழ் அதிர்வெண் அலையியற்றி பெரும்பாலும் அந்த எல்லைக்குக் கீழேயே உழைக்கிறது. அதன் ஓசை ஸ்பீக்கருக்கு வருவதே இல்லை. வேறோர் ஒலியின் சுருதியையோ அளவையோ ஃபில்டரையோ ஏற்றி இறக்குவதோடு அதன் வேலை முடிந்தது. ஒரு சிந்தசைசர் ஒலிக்கு உயிர் உண்டா என்று நான் முதலில் தேடுவது அங்கேதான்.

1982இல் ரோலண்ட் வெளியிட்ட ஜூனோ-60ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஒரு எல்.எஃப்.ஓ.; அதுவும் முக்கோண அலை மட்டும். வேகத்துக்கு ஒரு ஸ்லைடர், தாமதத்துக்கு ஒரு ஸ்லைடர். இந்தத் தாமத ஸ்லைடரை வைத்தவர் பெரிய ரசிகராக இருந்திருக்க வேண்டும். கட்டையை அழுத்தியதும் சுரம் நேராக நிற்கும்; சற்றுப் பொறுத்துத்தான் அசைவு உள்ளே நுழையும். நல்ல வயலின்காரர் நீண்ட சுரத்தை முதலில் நிலைநிறுத்திவிட்டு அப்புறம் விரலை அசைப்பாரே, அந்த நிதானம். எடுத்த எடுப்பிலேயே ஆடும் சுரத்தில் பதற்றம்தான் கேட்கும்.

அதே அலையைத் துடிப்பு அலையின் அகலத்தின் மேல் ஏவினால் இன்னோர் அழகு: சுரம் இருந்த இடத்தில் இருக்க, அதன் நிறம் மட்டும் நகர்கிறது. ஒற்றை அலையியற்றி இரண்டாகத் தடிக்கிறது. ஜூனோவின் புகழ்பெற்ற கோரஸும் இதே குடும்பம்தான். ஒலியின் பிரதியைச் சில மில்லிவிநாடி தாமதித்து, அந்தத் தாமதத்தை ஒரு தாழ் அலையால் கூட்டிக் குறைக்கிறார்கள்.

இந்த அலை அடக்கத்தை விட்டு முன்னால் வந்து நின்றது லண்டனின் டப்ஸ்டெப் இசையில். நிமிடத்துக்கு 140 தட்டு. தட்டுக்கு மூன்று முறை பேஸ் ஒலியின் ஃபில்டர் திறந்து மூடினால் விநாடிக்குச் சரியாக 7 அசைவு. அந்த பேஸ் ஒலியில் தாளமே எல்.எஃப்.ஓ.தான். தேர்ந்தவர்கள் ஒரே வரிக்குள் வேகத்தைப் பாதியாகவும் மூன்றாகவும் மாற்றுவார்கள். மாற்றாமல் ஓட்டுவது சீக்கிரம் சலித்துவிடும்.

விநாடிக்கு 20 என்ற அந்த எல்லையை அலை தாண்டினால்? 1967இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கணினியில் வைப்ராட்டோவை, அதாவது சுருதியின் அசைவை, சோதித்தபோது அதன் வேகத்தையும் ஆழத்தையும் மிகையாகக் கூட்டிப் பார்த்தார். ஒரு கட்டத்தில் அசைவு கேட்பது நின்று, ஒலியின் நிறமே வேறாகியது. எஃப்.எம். என்னும் அதிர்வெண் பண்பேற்ற ஒலியாக்கம் பிறந்தது அப்படித்தான். அதன் உரிமத்தைப் பெற்ற யமஹா 1983இல் டி.எக்ஸ்.7ஐக் கொண்டுவந்தது, எண்பதுகளின் பாடல்களில் மின்பியானோவும் மணியொலியும் அதிலிருந்து கொட்டின. வேக அசைவிலேயே நாதத்தைக் கட்டிய அந்தக் கருவியிலும் மெதுவான வைப்ராட்டோவுக்கென்று தனியாக ஓர் எல்.எஃப்.ஓ. உண்டு. அதற்கும் தாமதம் வைத்திருக்கிறார்கள்.

சிந்தசைசர் கையில் கிடைத்தால் அசைவின் ஆழத்தைக் காதில் படும்வரை கூட்டுங்கள். பிறகு படாத அளவுக்குச் சற்றே இறக்குங்கள். அப்படியே கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு, முழுவதும் நிறுத்திக் கேளுங்கள். அது செய்துகொண்டிருந்த வேலை அப்போது தெரியும்.