புள்ளிக் கோப்புகளும் எக்ஸ்டிஜி விதிமுறையும்

புள்ளிக் கோப்புகள் என்பவை லினக்சு போன்ற யுனிக்சு வழி இயங்குதளங்களில், ஷெல்லுக்கும் பிற நிரல்களுக்கும் பயனர் செய்துகொள்ளும் அமைப்புகளைச் சேமித்து வைப்பவை. இவற்றின் பெயர் புள்ளியில் தொடங்கும். ‘.பாஷ்ஆர்சி’, ‘.விம்ஆர்சி’ ஆகியன எடுத்துக்காட்டுகள். கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளை வழக்கமாக இவற்றைக் காட்டாது.

தோற்றம்

இந்த மறைப்பு திட்டமிட்டு வந்ததன்று. ஒவ்வோர் அடைவிலும் ‘.’, ‘..’ என்னும் இரு பதிவுகள் உண்டு. அவற்றைப் பட்டியலில் தவிர்க்க, புள்ளியில் தொடங்கும் பெயர்கள் அனைத்தையும் விட்டுவிடுமாறு தொடக்ககால நிரல் எழுதப்பட்டது. இதை 2012இல் விளக்கிய ராப் பைக், இது பிழையால் பிறந்த பழக்கம் என்று குறை கூறினார். மறைவிடம் கிடைத்ததும் ஒவ்வொரு நிரலும் பயனரின் முகப்பு அடைவில் தன் கோப்பைப் போட்டு வைத்தது.

எக்ஸ்டிஜி விதிமுறை

இக்குழப்பத்தைத் தீர்க்க 2003இல் எக்ஸ்டிஜி அடிப்படை அடைவு விதிமுறை வந்தது. இதன்படி அமைப்புகள் ‘.கான்ஃபிக்’ அடைவிலும், நிரலின் தரவுகள் ‘.லோக்கல்/ஷேர்’ அடைவிலும், அழித்தாலும் மீண்டும் உருவாகக்கூடியவை ‘.கேஷ்’ அடைவிலும் இருக்க வேண்டும்.

திறனாய்வு

காக்க வேண்டியதையும் அழிக்கக்கூடியதையும் பிரித்ததே இவ்விதிமுறையின் பெரும் நன்மை. தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் லினக்சு நிறுவிய கணினிகளும் வழங்கப்பட்டன. அத்தகைய கணினியில் இயங்குதளத்தை மீண்டும் நிறுவ நேரும் மாணவர், எதைப் பென்டிரைவில் எடுத்துவைக்க வேண்டும் என்பதற்கு இது விடை தருகிறது.

ஆனால் அந்த விடை முழுமையானதன்று. முதலாவதாக, விதிமுறையைப் பின்பற்றுவது நிரலாளரின் விருப்பம். பாஷ் ஷெல் இன்றும் ‘.பாஷ்ஆர்சி’யை முகப்பு அடைவிலேயே தேடுகிறது. கிட் நிரல் 2012இல் புதிய இடத்தையும் ஏற்றது. இரு இடத்திலும் கோப்பு இருந்தால் இரண்டையும் படிக்கும், முரண்பட்டால் பழைய இடத்தில் உள்ளதே செல்லும். எனவே ‘.கான்ஃபிக்’ அடைவை மட்டும் படியெடுத்தவர் ஷெல் அமைப்புகளை இழப்பார்.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. இரகசியங்களுக்கு என விதிமுறை தனி இடம் ஒதுக்கவில்லை. குரோமியம் உலாவி, பயனரின் குக்கிகள் உட்பட அவரது விவரத் தொகுப்பை ‘.கான்ஃபிக்’ அடைவில்தான் வைக்கிறது. அந்த அடைவை அப்படியே பொதுக் கிட் களஞ்சியத்தில் ஏற்றுவது, வீட்டுச் சாவியைத் திண்ணையில் வைப்பதற்கு ஒப்பாகும். பின்னர் கோப்பை நீக்கினாலும் கிட் வரலாற்றில் அது நிற்கும். வெளியான கடவுச்சொல்லை உடனே மாற்றுவதே முதல் தீர்வு.

மாற்று வழி

தேவையான கோப்புகளை மட்டும் தெரிந்தெடுத்துத் தனி அடைவில் வைத்து, அவை இருக்க வேண்டிய இடங்களுக்குக் குறியீட்டு இணைப்பு தருவது பாதுகாப்பான முறை. குனு ஸ்டோ இவ்வேலையைச் செய்கிறது. எவற்றைச் சேர்ப்பது என்பதை இம்முறையில் பயனரே முடிவு செய்கிறார். எக்ஸ்டிஜி விதிமுறை இடத்தை ஒழுங்குபடுத்துகிறது. எதைப் பகிரலாம் என்னும் பகுத்தறிவை அது தருவதில்லை.